கூஜாவில் ஒரு பாலம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் நதி கடலில் கலக்கும் ஊர் சண்டர்லேண்ட். அங்கே அருங்காட்சியகத்தில் இளஞ்சிவப்பாக மினுக்கும் பீங்கான் கூஜாக்கள் இருக்கின்றன. அந்த நிறத்தைத் தருவது தங்கம். பல கூஜாக்களில் ஒரு பக்கம், 1796-ல் திறந்த வார்ப்பிரும்புப் பாலம். மறுபக்கம் ஃப்ரீமேசன்களின் மூலைமட்டமும் கவராயமும். தற்செயலான ஜோடியல்ல. 1793-ல் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியதே மேசன் சடங்குகளோடுதான். ரகசியச் சங்கம் என்று பெயர்; சின்னமோ கடையில் விற்ற கூஜாவில்! செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து ஒட்டினார்கள். விலை குறைந்தது, மாலுமிகளும் வாங்கினார்கள். சில குவளைகளுக்குள் பீங்கான் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். குடிக்கக் குடிக்கத் தலைகாட்டும். (எத்தனை பேர் அலறினார்களோ!) பாலம் 1850-களில் உருமாறி, 1929-ல் புதிய பாலத்துக்கு இடம் விட்டது. கூஜாவில் அந்த முதல் வளைவு அப்படியே நிற்கிறது, கீழே பாய்விரித்த கப்பலோடு.