வரிப் புத்தகத்தில் ஒரு பக்கம்

திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த 2025ஆம் ஆண்டு யூபிலியும் எங்கள் ஆலயத்தின் பவள விழாவும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. கடலோரச் சிற்றூர், முந்நூறு குடும்பங்களுக்குச் சற்றே கூடுதல். விழா மலருக்கு ஆண்டறிக்கை எழுதும் பொறுப்பு பங்குத்தந்தையாகிய என்னைச் சேர்ந்தது. கண் சிகிச்சை முகாம், குருதிக்கொடை, அன்பியங்கள் நடத்திய மாலை வகுப்பு, கடற்கரையில் ஊன்றிய பனை விதைகள், பதினாறு பிள்ளைகளின் புதுநன்மை என்று எழுதிக்கொண்டே போனேன். புதிய மணிக்கூண்டுக்குத் தனிப் பக்கம். எழுதி முடித்தபோது மனம் நிறைந்திருந்தது, அதை மறைப்பானேன்?

அறிக்கையில் இடம்பெறாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் யூபிலியைப் பற்றி மறையுரை ஆற்றினேன். ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் உரியவனுக்கே திரும்ப வேண்டும் என்கிறது லேவியர் நூல் 25ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டுதோறும் கடன்களை விட்டுவிடச் சொல்கிறது இணைச்சட்டம். 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் அறிவித்த முதல் யூபிலி, உரோமைத் திருப்பயணத்தையும் பரிபூரண பலனையும் முன்வைத்தது. பிரான்சிஸோ தம் அறிவிப்பு மடலில், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு செல்வ நாடுகளை வேண்டியிருந்தார். இவற்றையெல்லாம் கணீரென்றே சொன்னேன்.

திருப்பலி முடிந்து உடை களையும்போது வாசலில் ஒரு கைம்பெண் நின்றார்.

"சாமி, கடனை விடணும்னு சொன்னியளே, அது நம்ம கோயில் வரிக்கும் உண்டுமா?"

அவர் கணவர் இரண்டாண்டு படுக்கையில் கிடந்து இறந்தவர். வரிப் பாக்கி 11,400 ரூபாய். மகளுக்கு மணம் பேசியாயிற்று. வரி பாக்கியுள்ள வீட்டுக்குத் திருமண ஓலை வாசிப்பதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம், எழுதிய சட்டமன்று. முந்தின மாதம் ஓலைக்காக என்னிடம் வந்தவரை, "பேரவையில் பேசிவிட்டு வாங்க அம்மா" என்று அனுப்பியவன் நானே. வறுமையின் பொருட்டு எவரும் அருளடையாளங்களின் துணையை இழக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 848. குருமடத் தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அன்று அவருக்கு நேரான விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஓலை வாசிப்பது என் கடமை. அதற்கு எவர் இசைவும் தேவையில்லை. ஆயினும் அந்த ஒரு வீட்டோடு நிறுத்திவிடக் கூடாதென்று வரிப் புத்தகத்தையே பேரவைமுன் வைத்தேன்.

மூன்று கூட்டங்கள் நடந்தன. கணக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நேர்மையானவர். "வரி வராவிட்டால் மின்கட்டணம் யார் கட்டுவது? உபதேசியாருக்குச் சம்பளம்? வயிற்றைக் கட்டி வரி கட்டினவன் ஏமாளியா சாமி?" என்றார். கடைசிக் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. பாக்கிக்காரருள் விசைப்படகு உரிமையாளர் ஒருவரும் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையே ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கூலிக்குப் போகும் வீடுகளில் அடுப்பும் அப்படியே. ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள், திருத்தந்தை காலமானார். இரங்கல் திருப்பலிக்குப் பின் கூடியபோது கணக்கரே வாய் திறந்தார்:

"அவருக்குப் பூசை வச்சாச்சு. அவர் கேட்டதையும் செஞ்சிருவோம்."

கைம்பெண்கள், படுக்கையில் கிடப்போர் என்று 23 வீடுகளின் பாக்கி அடிக்கப்பட்டது. விசைப்படகுக்காரருக்குச் சலுகையில்லை, அவர் இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பற்றாக்குறை மணிக்கூண்டு நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. கூண்டின் வடபுறம் இன்றும் பூசப்படாமல் செங்கல்லாகத் தெரிகிறது. பாஸ்கா காலத்து மூன்று ஞாயிறுகளில் அந்தப் பெண்ணின் ஓலையை நானே வாசித்தேன்.

2026 ஜனவரி 6இல் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதக் கதவை மூடி யூபிலியை நிறைவு செய்தார். அடுத்த ஞாயிறு அந்த அம்மா கணக்கரிடம் நூறு ரூபாய் நீட்டினார்.

"பழைய பாக்கியா?" என்றார் கணக்கர்.

"பாக்கி ஏது? இது இந்த வருசத்து வரி."

கணக்கர் பக்கத்தைப் புரட்டினார். அதுவரை இறந்த கணவர் பெயரிலேயே நின்ற கணக்கை முடித்துவிட்டு, அவர் பெயரைக் கேட்டு எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்தார்.