துப்பறியும் நாவலும் சிலம்பும்

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவன் துப்பறியும் நாவல் படித்தல் தகுமோ என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். தகும் என்பதே என் துணிபு. விடுமுறையில் என் ஊராகிய தேர்வாய் கண்டிகைக்குச் செல்லுங்கால், தொழிற்பூங்காவிற்குப் பணிக்குச் செல்வோர் நெருக்கும் பேருந்தில் நின்றவாறே படித்தற்கு இவற்றினும் ஏற்ற நூல் யான் கண்டிலேன்.

ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் வெளியிட்ட 'இராஜாம்பாள்' யான் விரும்பிப் படித்தவற்றுள் ஒன்று. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் நல்ல சாமர்த்தியசாலி. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரையும் அறிவேன். ஆயினும் ஐயங்கார் வர்ணனையில் இறங்கிவிட்டால் யான் பக்கங்களைத் தள்ளிவிடுவதுண்டு. மாறுவேடத்தைக் காட்டிலும், ஒரு பிடி புகையிலைச் சாம்பலைக் கொண்டு உண்மையை உய்த்துணரும் ஷெர்லக் ஹோம்ஸின் முறையே எனக்கு உவப்பானது.

இனி, குற்றக் கதை மேனாட்டிலிருந்து வந்த சரக்கு என்பாரும் உளர். அவர் சிலப்பதிகாரத்தை எங்ஙனம் படித்தனரோ! களவுபோன சிலம்பு, களவாடியவனே பிறன்மீது பழி சுமத்துதல், ஆராயாது கொலைக்கு ஆணையிடும் அரசன், இறுதியில் சான்று. தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. கண்ணகி உடைத்த சிலம்பினின்று தெறித்ததோ மாணிக்கம். இதனினும் தெளிந்த தடயத்தை ஹோம்ஸும் காட்டினானல்லன். ஆனால் அது வெளிப்படுமுன் கோவலன் வெட்டுண்டு கிடந்தான்.

துப்பறியும் நாவலில் யான் நாடுவது இதுவே: தண்டனை நிறைவேறுமுன் ஒருவன் குறுக்கிட்டு, "பொறுமின், சிலம்பை உடைத்துப் பாருங்கள்" என்று கூறல் வேண்டும். அங்ஙனம் கூறும் ஒருவன் வருவானாயின், நடையிலுள்ள பிழைகளையும் பொறுத்துக்கொள்வேன். மதுரையில் அன்று அத்தகையோன் ஒருவனும் இருந்திலன்.