அழகர் மலையில் ராக்காயி அம்மன்

எங்கள் அலங்காநல்லூர் என்றாலே எல்லோரும் ஜல்லிக்கட்டைத்தான் விசாரிப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதை வேறு. திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்பெல்லாம் அழகர் தேனூரில்தான் வைகையில் இறங்குவாராம். போகிற வழியில் இங்கே அலங்காரம் செய்து கொண்டதால் 'அலங்கார நல்லூர்' என்று பேர் வந்ததாம். அந்த அழகரின் மலை உச்சியில் இருக்கிற ராக்காயி அம்மனைத் தரிசிக்க, என் தங்கை மகளையும் அவள் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாகப் பிறந்த பிள்ளை. அதனால் அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். "காட்டுச் சாமியாச்சே பெரியம்மா, பிள்ளையைக் கொண்டு போகலாமா?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்கோவில். வாசலிலேயே பதினெட்டாம்படிக் கருப்பர் காவல். அழகரின் சக்தியைக் கவர வந்த மலையாள தேசத்து மந்திரவாதிகள் 18 பேர் அந்தப் படிகளுக்கடியில் அடங்கிக் கிடக்கிறார்கள் என்பது கதை. உருவம் கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுக்குத்தான் மாலையும் பூஜையும். இங்கே வந்து பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது.

கீழே பெருமாளைச் சேவித்துவிட்டு மலைப்பாதையில் ஏறினோம். நடுவில் பழமுதிர்சோலை முருகன். அதற்கும் மேலே நூபுர கங்கை. நூபுரம் என்றால் சிலம்பு. உலகளந்த பெருமாளின் பாதத்தைப் பிரம்மா கழுவியபோது சிலம்பில் பட்டுத் தெறித்த நீராம் இது. சிலம்பாறு என்றும் சொல்வார்கள். இந்தத் தீர்த்தத்துக்குக் காவல்தான் ராக்காயி. அழகருக்கு அபிஷேகம் இந்த நீரில்தான். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்புத் திருவிழாவுக்கு அழகரே மலையேறி வந்து நீராடுகிறார். எவ்வளவு பெரிய பெருமாளானாலும் குளிக்க ராக்காயியிடம்தான் வரவேண்டியிருக்கிறது, பாருங்கள்!

சந்நிதியில் தங்கை மகள் தயங்கி நின்றாள். பக்கத்தில் ஈரப் புடவையோடு நின்ற ஒரு பாட்டி, "காவக்காரி முகம் சிரிச்ச முகமாவா இருக்கும்? பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீ சிரிச்சுக்கிட்டா நிப்பே?" என்றாள். அவ்வளவுதான். பிள்ளையை அம்மன் முன்னால் நீட்டிக் கும்பிட்டாள். துடியான தெய்வம் என்று நாம் பயப்படுகிற கோபமெல்லாம் கெட்டதை விரட்டத்தானே!

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீர் சில்லென்று இருக்கும். கைக்குழந்தைக்கு நெற்றியில் தெளித்தால் போதும். மாற்றுத் துணி அவசியம். குரங்குகள் பையைப் பிடுங்கும், ஜாக்கிரதை. ஆடி அமாவாசையன்று கூட்டம் தாங்காது. கீழே அழகர் கோவிலில் கிடைக்கும் பிரசாத தோசையை வாங்க மறக்காதீர்கள். சோப்பு, ஷாம்பு உறைகளைத் தீர்த்தத்தில் போட்டு வராதீர்கள். பெருமாள் குளிக்கிற தண்ணீர். அதைக் காக்க ராக்காயி ஒருத்தி மட்டும் போதாது.