காக்காவின் காரும் ஒரு லீற்றர் போத்தலும்



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எங்களிடம் படித்த தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "சேர், பழைய கே.ஈ. செவன்டி ஒண்டு விலைக்கு வந்திருக்கு. எடுக்கலாமா? பெற்றோல் குடிக்கும் எண்டு எல்லாரும் சொல்றாங்க." 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களுக்கு ஊரில் நல்ல மவுசு. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துச் சொல்லும் விலையைக் கேட்டால் எங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு பழைய காரே போதும் என்றாகிவிடும். தம்பிக்கு வாசலில் நின்றே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், சொன்னது பாதிக் கதைதான். மீதியைக் காக்காவிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறோம். "எழுதுங்க, எனக்கென்ன" என்றார்.

2022இல் நடந்தது. நாங்கள் கணவனும் மனைவியும் அப்போது ஒரே பள்ளியில் படிப்பித்தோம். ஓட்டமாவடிப் பாலத்துக்கும் அப்பால், வீட்டிலிருந்து 35 கிலோமீற்றர். எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவருக்கும் அதே பள்ளி. அவரைத்தான் காக்கா என்கிறோம். அவரிடம் ஸ்ரீ நம்பர் போட்ட டொயோட்டா கொரோலா கே.ஈ. 70 ஒன்று இருக்கிறது. 1290 சீசீ, 4கே எஞ்சின், காபரேற்றர் வைத்தது. பஸ் ஓடுமா ஓடாதா என்பது விடிந்த பிறகுதான் தெரியும் என்ற காலம் அது. ஆகவே திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் காக்காவின் காரில் போவது, மற்ற இரண்டு நாளும் கிடைத்ததில் ஏறுவது என்று பேசிக்கொண்டோம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. போக வர 70, மூன்று நாளுக்கு 210 கிலோமீற்றர். ஜூலையில் வந்த கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 12 ஓடும் என்பது காக்காவின் பேச்சு. அப்படியென்றால் 240 ஓடவேண்டும். 92 ஒக்டேன் அப்போது லீற்றர் 450 ரூபாய், 20 லீற்றருக்கு 9,000. ஆளுக்கு 3,000, எங்கள் வீட்டிலிருந்து மட்டும் 6,000. அந்த மாதங்களில் 6,000 ரூபாயை எடுத்துக் கொடுப்பது என்னவென்று சம்பளத்தில் சீவிக்கும் எல்லாருக்கும் தெரியும்.

முதல் வாரமே வியாழக்கிழமை காலை, கும்புறுமூலைப் பக்கம் கார் இருமி இருமி நின்றது. டாங்கியில் பெற்றோல் இல்லை. தரம் 11 பிள்ளைகளுக்கு முதல் இரண்டு பாடமும் கணிதம். சாதாரண தரப் பரீட்சைக்குப் போக இருக்கும் பிள்ளைகள், அரிசி மாவு ரொட்டியைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தவர்கள், அன்று வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அடுத்த வாரமும் அதே வியாழன், ஏறக்குறைய அதே இடம்.

இனிச் சொல்லப்போவதுதான் பள்ளிவாசல் முன்னால் தம்பியிடம் சொல்லாமல் விட்டது.

இரவில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். 20 லீற்றர் அடித்தது உண்மை, செட்டில் கூடவே நின்றோம். 160 கிலோமீற்றரில் முடிந்ததும் உண்மை. மீதி எங்கே? வெள்ளி, சனிகளில் காக்கா காத்தான்குடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாரோ? எங்களில் ஒருவர் (யார் என்று கேட்க வேண்டாம்) ஒரு சின்னக் கொப்பியில் வியாழன் மாலை இறங்கும்போது மீற்றர் நம்பரைக் குறித்துக்கொண்டு, திங்கள் காலை ஏறும்போது மறுபடி பார்த்தோம். வித்தியாசம் 3 கிலோமீற்றர். அடுத்த வாரம் 7. அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மீற்றர் வயரைக் கழற்றிவிட்டு ஓடலாமே என்று ஒருவர் சொல்ல, ஓடவே தேவையில்லை, டாங்கிக்குள் குழாய் விட்டு உறிஞ்சி விற்கலாமே என்று மற்றவர் சொன்னோம். கறுப்புச் சந்தையில் பெற்றோல் பல மடங்கு விலைக்குப் போன நாட்கள். இருபத்தைந்து வருடமாக அடுத்த வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்த மனிதரைப் பற்றித்தான் இதைப் பேசினோம்.

மூன்றாவது வாரம் காக்காவே சொன்னார்: "தம்பி, காரை பாஸிட்ட காட்டுவம். ரெண்டு பேரும் வாங்க. புள்ள, நீங்களும் வாங்க." மனைவியையும் ஏன் கூப்பிட்டார் என்று அப்போது விளங்கவில்லை.

பாஸின் கராஜ் செங்கலடிப் பக்கம். தமிழர், அறுபது தாண்டியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் வேலை பழகியவர். அங்கே பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின கதை பலருக்கும் தெரிந்ததுதான். சின்னப் போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீய்ச்சி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டுவார்கள். 2022இலும் சிலர் அதைக் கேட்டு வந்தார்களாம். "எரியாத மண்ணெண்ணெய் கீழ எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கும் சேர். அண்டைக்கு வேற வழியில்ல, செஞ்சம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவர் பொனட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான். காலையில் சோக்கை எவ்வளவு நேரம் இழுத்து வைக்கிறீர்கள்? ஹீட் முள் எந்த இடத்தில் நிற்கிறது? புகை கறுப்பா, நீலமா? காக்கா சொன்னார்: சோக்கைச் செங்கலடி வரை இழுத்துத்தான் வைப்பேன், இல்லாவிட்டால் நின்றுவிடும். ஹீட் முள் எப்போதும் அடியில்தான், "சூடே ஏறாத நல்ல எஞ்சின்." பாஸ் சிரித்தார்.

பிறகு ஒரு லீற்றர் போத்தல் ஒன்றை எடுத்தார். டாங்கியை முட்ட நிரப்பி ஓடி, மறுபடி முட்ட நிரப்பிப் பார்ப்பதுதான் சரியான வழி. 20 லீற்றர் கோட்டாவில் முட்ட எங்கே நிரப்புவது? அதனால் பெற்றோல் பம்புக்கு வரும் குழாயை டாங்கியிலிருந்து கழற்றி, அளந்து ஊற்றிய போத்தலுக்குள் விட்டு, சைலன்சர்ச் சூடு படாத பக்கத்தில் இறுக்கிக் கட்டினார். (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பெற்றோலும் சூடான எஞ்சினும் விளையாட்டல்ல. வேலை தெரிந்தவர், தீயணைப்பு டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யவேண்டியது.) செங்கலடிச் சந்தியிலிருந்து திருகோணமலை வீதியில் கிலோமீற்றர்க் கல்லைப் பார்த்துக்கொண்டு புறப்பட்டோம். பல்கலைக்கழக வாசலை அடைய முன்னமே கார் நின்றுவிட்டது. லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர்! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ் தலையில் கைவைத்தார். பம்பிலிருந்து மிச்சப் பெற்றோல் டாங்கிக்குத் திரும்பும் சின்னக் குழாயை மாற்ற மறந்துவிட்டார். போத்தலில் இருந்தது எரியவில்லை, திரும்ப டாங்கிக்குள் போயிருக்கிறது.

இரண்டு குழாயையும் போத்தலுக்குள் விட்டு மறுபடி ஓடினோம். சித்தாண்டி தாண்டி நின்றது. எட்டு கிலோமீற்றர்.

பாஸ் சாதாரணமாகச் சொன்னார்: "டாங்கிக்கும் இதுக்கும் இப்ப சம்பந்தமில்ல சேர். ஒழுக்கும் இல்ல, களவும் இல்ல. எஞ்சின்தான் குடிக்குது." எட்டை இருபதால் பெருக்கினால் 160. கும்புறுமூலை. காக்கா பின் சீற்றில் இருந்தார். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மீதி வேலை அன்று பகல் முழுக்க நடந்தது. பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வைத்தார். நாலும் பானை அடி போல் வறண்ட கறுப்பு. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. நாலும் ஒரே மாதிரிக் கறுத்தால் நாலுக்கும் பொதுவான இடத்தில், காபரேற்றர் பக்கத்தில் தேடவேண்டும். நன்றாக எரியும் எஞ்சினில் பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்குமாம். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று பதினைந்து பங்கு, எடைக்கு எடை. காற்றுக் குறைந்தால் மீதிப் பெற்றோல் எரியாமல் கரியாகும்.

காற்று எங்கே குறைந்தது? எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எங்களை எட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே டாஷ்போட்டில் சோக் குமிழ் முழுவதும் தள்ளித்தான் இருந்தது. ஆனால் காபரேற்றரின் வாயில் சோக் தகடு பாதி மூடியபடி நின்றது. வயரின் வெளி உறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து, குமிழைத் தள்ளினால் தகட்டுக்குப் பதிலாக உறைதான் நகர்ந்தது. காக்கா ஒவ்வொரு நாளும் சோக்கை மூடினார். அது மூடப்படவில்லை.

சரி, வெயில் ஊரில் செங்கலடி வரை சோக் எதற்கு? அதற்குப் பதில் ஹீட் முள்ளில் இருந்தது. தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. எப்போதோ ஒரு கராஜில் "இந்தச் சூட்டு ஊருக்கு இது தேவையில்ல" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். இலங்கையில் பாதிப் பழைய கார்களுக்கு இந்தக் கதிதான் என்றார் பாஸ். தண்ணீர் 80 பாகைச் சூட்டை எட்டும்வரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டே ஓடும். சூடேறாத எஞ்சினில் பெற்றோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டும். வண்டி திணறும், ஓட்டுகிறவர் சோக்கை இழுப்பார். ஒரு கோளாறு மற்றக் கோளாற்றை அழைத்து வந்திருக்கிறது.

மூன்றாவது சின்னது. டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வெக்கியூம் குழாய் வெடித்திருந்தது. மெதுவாக ஓடும்போது நெருப்பைக் கொஞ்சம் முந்திப் போடுவது அதன் வேலை. மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்டும் ஆளுக்குத்தான் அதனால் நட்டம் கூட. குழாயை மாற்றிவிட்டு, நுனியை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தார். பிடித்துக்கொண்டு நின்றது, உள்ளே சவ்வு நல்லது. முன் சில்லுகளைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், பிரேக் பிடிக்கவில்லை. டயர்க் காற்று குறைவு, அடித்தார். காபரேற்றரின் மிதவையையும் ஜெட்டையும் தொடவே இல்லை. தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த பாஸாவது முதல் வேலையாக காபரேற்றரைக் கழற்றச் சொன்னால், சோக் தகட்டை ஒருக்கா காட்டுங்க என்று கேளுங்கள்.

பழைய தேர்மோஸ்டாட் ஒன்று தேடிப் பிடித்துப் போட நாலு நாள் போனது. மறுபடி அதே போத்தல், அதே வீதி. சித்தாண்டி தாண்டி, சந்திவெளி தாண்டி, கிரான் பக்கம் நின்றது. பன்னிரண்டரை. அடுத்த வியாழன் தரம் 11க்கு முதல் பாடத்துக்கே போனோம்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருவரும் பேசினோம். எதைச் சொல்லிக் கேட்பது? அவருக்குத் தெரியாத ஒன்றை நாமாகவே சொல்லி ஏன் புண்படுத்துவான் என்று ஒரு மாதம் இழுத்தடித்தோம்.

ஒரு நாள் மழை. கண்ணாடி துடைக்கச் சீலை தேடி காரின் முன் தட்டைத் திறந்தபோது எங்கள் சின்னக் கொப்பி உள்ளே கிடந்தது. எப்போதோ இறங்கும் அவசரத்தில் அங்கேயே விட்டிருக்கிறோம். எங்கள் எழுத்தில் மீற்றர் நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், காக்கா பென்சிலால் நிரப்பியிருந்தார்.

"3 கி.மீ. – ஜும்ஆ, வரும்போது மருந்துக் கடை."

"7 கி.மீ. – புன்னைக்குடா வீதியில் மையித்து வீடு."

கடைசிப் பக்கத்தில் போத்தல் பார்த்த நாளின் திகதி, அதற்கு நேரே 8 என்று எழுதி, கீழே இரண்டு கோடு.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்ணாடியைத் துடைங்க தம்பி, ஒண்டும் தெரியுதில்ல."