பால் வற்றிய மரம்

பால் வெட்டுக்கு உதவாமற்போன ரப்பர் மரத்தின் கதி முன்னெல்லாம் அடுப்பேயன்றி வேறன்று. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் சுரந்த மரத்தைச் சாய்த்து, லயத்து அடுப்பிலும் புகைக்கூடத்திலும் எரித்தனர். எஞ்சியதை நிலத்திலேயே தீயிட்டனர். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன் பின் ஏறக்குறைய நூறாண்டு வரை, அம்மரத்துள் ஒரு நாற்காலி இருக்கக்கூடுமென்று கருதியோர் மிகச் சிலரே.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. மாச்சத்து மிக்க இம்மரத்தை வெட்டிய சில நாட்களுக்குள் நீலப் பூசணம் பற்றும். பின்னர் வண்டு துளைத்துப் பொடியாக்கும். தேக்கைப்போல் வைரம் பாய்வதுமில்லை, அடிமரமோ குட்டை. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தார் முதலியோர் ஆராய்ந்து வழி கண்டனர். அறுத்த பலகையைக் காலந்தாழ்த்தாது இரும்புக் கலத்திலிட்டு, காற்றை உறிஞ்சி நீக்கி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, வெப்ப அறையில் உலர்த்தினர். குட்டைத் துண்டுகளை, இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் முனைகளிற் பல் வெட்டிப் பசையிட்டு நீட்டினர். 1980-களில் இத்தொழில் ஓங்கிற்று. இன்று மூவார் நகரம் மரச்சாமான் தொழிலாற் பெயர் பெற்று விளங்குகின்றது.

ஆனால் இம்மரம் சபையேறிய விதம் வேடிக்கையானது! ரப்பர் என்றால் வாங்குவோர் முகஞ்சுளிப்பர் என்றஞ்சி, வணிகர் அதற்கு ‘மலேசிய ஓக்’ என்று பெயர் சூட்டினர். கருஞ்சாயம் பூசி அயல்மரம் போலாக்கியும் விற்றனர். குலத்தை மறைத்தாலன்றி இடமில்லை என்னும் கொடுமை மனிதனோடு நில்லாது மரத்தையும் பற்றியது போலும்.

இக்காலத்து வடிவமைப்பாளர் சிலர் இவ்வொப்பனையை ஒழித்துவிட்டனர். வெளிர்நிறத்தை அவ்வாறே விடுகின்றனர். பல் இணைப்பை ஒளிக்காது மேசையின் முகப்பிலேயே காட்டுகின்றனர். இதுவே நேரிய வேலை என்பேன். மிக்கேல் தோனெட் என்னும் ஜெர்மானியத் தச்சர் 1859-இல் ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு மரை ஆகியவற்றாலேயே ஒரு நாற்காலி அமைத்தார். கழற்றி அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் அடங்கின. பீச் மரம் நீராவியில் வளையும் இயல்பினது. அவ்வியல்பை மதித்ததே அவ்வடிவின் பிறப்பு. அதில் அழகில்லையென்று எவர் சொல்வார்?

இம்மரத்தின் இயல்பை நம்மவரைப்போல் அறிந்தார் யார்? கத்தி மயிரிழை ஆழம் மிகுந்தால் மரம் புண்பட்டுப் பட்டை கரடாகும் என்பதைக் கைவிரலால் உணர்ந்தோர் நம் பெண்டிர். அங்ஙனமிருந்தும், தச்சுவேலை இன்ன சாதியார்க்கே உரியதென்னும் பழம்பித்தும், படித்தவன் மேசையில் எழுதலாமேயன்றி மேசை செய்தலாகாது என்னும் புதுப்பித்தும் நம்மை விடவில்லை. மகனைக் கிராணியாக்கத் துடிக்கும் தந்தை, உளி பிடிக்க அனுப்புவதற்குக் கூசுகிறார். வடிவமைப்புக் கலையைக் கல்லூரியில் பயில இடமுண்டென்பதைத் தோட்டத்துப் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்வாருமில்லை.

எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் அம்மையார் ஒருவரின் மகன், உறவினர் ஏளனத்தைப் பொருட்படுத்தாது பட்டறையொன்றிற் சேர்ந்தான். சென்ற மாதம் தன் கையாற் செய்த முக்காலியொன்றை வீட்டுக்குக் கொணர்ந்தான். தாயார் அதைத் தடவிப் பார்த்து, “இது எந்த நிரை மரமப்பா?” என்றாராம். மறுநாள் காலை அவன் என்னிடம் வந்து, “ஐயா, கணக்கேட்டில் இருக்குமா?” என்று கேட்டான். லாரியின் எண்ணும் மரத்தின் எடையும் இருந்தன; நிரை குறிக்கப்படவில்லை.