சொன்னபடி பிடிப்பானோ?

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மேல் பனித்திரை விலகாத காலை வேளை. கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன. தொலைவில் நின்று பார்ப்போர் அதனைத் தவம் என்பர். அருகே சென்று பார்ப்போர்க்கு அது மீன்வேட்டை என்பது விளங்கும். கொக்கு எவரிடமும் பொய் சொல்லவில்லை. தவம் என்று பெயர் சூட்டியவர் நாம்தாம்!

அச்சதுப்பை அடுத்த குடியிருப்பொன்றின் திடலுக்கு அன்று நம்மை அழைத்துச் சென்றவள் நம் அக்காள் மகள். சோழிங்கநல்லூர்ப் பக்கம் கணிப்பொறி நிறுவனமொன்றில் அவளுக்கு வேலை. இரவு இரண்டு மணிக்கு நிறுவனத்து வண்டி அவளை முதன்மைச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீட்டிற்கு ஐந்து நிமிட நடை, விளக்கெரியாத சந்து. ஒரு திங்களில் இருமுறை எவனோ ஒருவன் பின்தொடர்ந்திருக்கிறான். இரண்டாம் முறை கைப்பையைப் பற்றி இழுத்திருக்கிறான். அவள் விடவில்லை, அவன் ஓடிவிட்டான். வீட்டிலே சொன்னால் வேலையை விடச் சொல்வார்களே என்று அஞ்சி எவரிடமும் வாய் திறவாதிருந்தவள், நம்மிடம் மட்டும் சொன்னாள்.

"மாமா, இங்கே தாய்ச்சி என்ற சீனத்துத் தற்காப்புக் கலையைச் சொல்லித் தருகிறார்கள். மூன்றே மாதத்தில் எவனையும் வீழ்த்தலாம் என்கிறார் ஆசிரியர். சேரட்டுமா? நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

சென்றோம். திடலில் இருபது பேர் இருப்பர். பெரும்பாலோர் தலை நரைத்தவர். நீரில் நடப்பவர்போல் மெல்லக் காலெடுத்து வைத்து, காற்றைத் தழுவுபவர்போல் கைகளை வளைத்தனர். காண இனிமையாகவே இருந்தது. பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் பேசினார்: "இக்கலைக்கு வயது ஐயாயிரம்! இதன் மூலவர் காஞ்சித் தமிழர் போதிதருமர்! உள்ளாற்றல் கைவந்துவிட்டால் தொடாமலே பகைவனை வீழ்த்தலாம்!" திடல் கை தட்டிற்று. நம் கைகளும் தட்டின, மறைப்பானேன்? தமிழர் என்ற சொல் காதில் விழுந்ததும் கைகள் நம்மைக் கேளாமலே எழுந்துவிட்டன!

அடுத்து, செய்முறை. மாணவர் ஒருவர் வந்து ஆசிரியரின் மணிக்கட்டைப் பற்றினார். ஆசிரியர் தோளைச் சற்றே அசைத்தார். மாணவர் ஐந்தடி தள்ளிப்போய் விழுந்தார். இன்னொருவர் வந்தார், அவரும் விழுந்தார். நம் அக்காள் மகள் எழுந்தாள்.

"நான் பிடிக்கலாமா, ஐயா?"

"தாராளமாக!"

பிடித்தாள். கைப்பையைப் பறிகொடுக்க மறுத்த அதே பிடி. ஆசிரியர் தோளை அசைத்தார், அவள் அசையவில்லை. மீண்டும் அசைத்தார், பயனில்லை. முகம் சிவந்தது. "அப்படிப் பிடிக்கக்கூடாது, அம்மா! நான் சொன்னபடி பிடிக்க வேண்டும்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "மாமா, அந்தச் சந்திலே வருகிறவன் சொன்னபடி பிடிப்பானா?"

அந்த ஒரு வினாவை எடுத்துக்கொண்டு ஏடுகளைப் புரட்டலானோம்.

முதலிலே, வயது. தாய்ச்சியின் பிறப்பைப் பற்றிச் சீனத்தில் வழங்கும் கதை, சாங் சான்ஃபெங் என்ற துறவியைச் சுட்டுகிறது. பாம்பும் பறவையும் பொருதக் கண்டு கலையைப் படைத்தாராம்! அந்தக் கதையிலேகூடப் போதிதருமருக்கு இடமில்லை. அவரை உரிமை கொண்டாடுவது சாவோலின் மடத்தின் வேறொரு மரபு. இரண்டு கதைகளையும் உடைத்தவர் அயலார் அல்லர், சீனரேதான். தாங் ஹாவ் என்பவர் வழக்குரைஞர். தாமே தற்காப்புக் கலை பயின்றவர். 1930-இல் அவர் எழுதிய நூலொன்று, போதிதருமர் கதைக்கும் சாங் சான்ஃபெங் கதைக்கும் வரலாற்றுச் சான்று இல்லை என்று காட்டிற்று. ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் சிற்றூருக்கே சென்று ஆராய்ந்து, தாய்ச்சியின் வேர் அங்கே 17-ஆம் நூற்றாண்டளவில் ஊன்றியது என்று அவர் முடிவு கட்டினார். ஐயாயிரம் எங்கே, நானூறுக்கும் குறைவான ஆண்டு எங்கே!

அது மட்டுமன்று. இன்று திடல்களில் பலரும் பயிலும் 24 அசைவுகள் கொண்ட எளிய வரிசை, 1956-இல் சீன அரசின் விளையாட்டுக் குழு மக்களின் உடல்நலத்திற்காகத் தொகுத்தது. உடற்பயிற்சியாக வகுத்ததைப் போர்க்கலை என்று விற்றால், குற்றம் கலையினுடையதா, விற்பவருடையதா?

இரண்டாவது, வலிமை. 2017 ஏப்ரலில், செங்டு நகரில், சூ சியாவ்டோங் என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசானோடு மோதினார். வெய் லெய், தம் கையினின்று புறாவைப் பறக்கவொட்டாமல் உள்ளாற்றலால் தடுப்பவர் என்று தொலைக்காட்சியில் புகழப்பட்டவர். இருபது நொடி ஆவதற்குள் அவர் தரையில் கிடந்தார். வென்றவரை நாடே தூற்றியது. வேறொரு மூத்த ஆசானை இழித்துப் பேசினார் என்று 2019-இல் நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கப் பணித்தது. இழிசொல்லுக்கு மன்னிப்பு வேண்டியதுதான். ஆனால் அந்த இருபது நொடியை எந்தத் தீர்ப்பாலும் மாற்றி எழுத முடியாதே!

சீனன் கதையைப் படித்து நாம் சிரித்தோம். சிரித்த வாயை மூடச் செய்தாள் அக்காள் மகள். "அவர்கள் பொய் இருக்கட்டும், மாமா. போதிதருமர் என்றதும் நீங்களும் கை தட்டினீர்களே, அது?"

சுட்டது! 2011-இல் ஏழாம் அறிவு திரைப்படம் வந்தபோது, காஞ்சியிலிருந்து சென்ற தமிழன் சீனனுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தான் என்று திரையிலே கண்டு, விழியாலேயே பிறரை ஆட்டிவைக்கும் நோக்கு வர்மத்தை வியந்து, அரங்கிலே ஆர்ப்பரித்தவர்களுள் நாமும் ஒருவர். பிறர் புராணத்தைப் பிய்த்தெறியும் கை, தன் வீட்டுப் புராணத்தைத் தடவிக்கொடுக்கலாமோ?

எனவே அதையும் புரட்டினோம். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547-ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி எழுதிய லோயாங் நகரத்து மடங்களைப் பற்றிய ஏட்டில் உள்ளது. அது அவரைப் பாரசீகத்தார் என்கிறது. அதற்கு அடுத்த பழங்குறிப்பு, தென்னிந்திய அரசனின் மகன் என்கிறது. தென்னாட்டவராக இருந்திருக்கலாம், மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் இவ்விரண்டிலும் காஞ்சி என்ற பெயர் இல்லை. குத்து இல்லை, உதை இல்லை, வர்மம் இல்லை! அவர் பெயரால் உடற்பயிற்சி கற்பிக்கும் நூல் எழுந்தது 17-ஆம் நூற்றாண்டில். அதாவது அவர் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர். தம் நூலுக்குப் பழம்பெருமை தேட எவரோ அவர் பெயரை ஒட்டினார். அந்த ஒட்டை நாம் பட்டயமாக்கிப் பூரித்தோம்!

நோக்கு வர்மமோ? தொடாமல் வீழ்த்தும் வித்தை நமக்கு மட்டும் உரியதன்று. சப்பானில் யானகி ரியூகென் என்ற முதியவர் இருந்தார். அவர் கையை வீசினால் மாணவர்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்வர். 2006-இல் அவர் பந்தயம் வைத்து, அயலான் ஒருவனை மேடைக்கு அழைத்தார். கையை வீசினார், வந்தவன் விழவில்லை. அடி விழுந்தது, முதியவர் முகத்தில் குருதி வழிந்தது. அவர் ஏமாற்றுக்காரரா? அப்படித் தோன்றவில்லை. ஏமாற்றுக்காரராயின் மேடை ஏறியிருப்பாரோ? ஏறாமலிருக்க ஆயிரம் சாக்கு சொல்லியிருப்பார். தம் மாணவர் விழ விழ, தமக்கு ஆற்றல் உண்டென்று அவரே நம்பிவிட்டார். ஆசானை நாணச் செய்யலாகாதென்று மாணவன் விழுகிறான். மாணவன் விழுவதால் ஆசான் நம்புகிறார். ஆசான் நம்புவதால் அடுத்த மாணவனும் விழுகிறான். இந்தச் சக்கரத்திற்குப் பெயர் குருபக்தி! கேள்வி கேட்கும் ஒருவர் குறுக்கே வந்து நிற்கும்வரை அது சுழன்றுகொண்டேயிருக்கும். பள்ளிக்கரணைத் திடலில் அன்று குறுக்கே நின்றவள் நம் அக்காள் மகள்.

இவ்வளவும் சொன்னதால், அனைத்தையும் குப்பையில் கொட்டு என்பது நம் கருத்தன்று. ஆய்வு என்பது கழிப்பது மட்டுமன்று; எஞ்சுவதை எடுத்துக்கொள்வதும் ஆகும். 2012-இல் அமெரிக்காவில் நடுக்குவாத நோயாளர் 195 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வில், தாய்ச்சி பயின்றோர் உடல் தள்ளாடாமல் நிற்பதில் மேம்பட்டனர். கீழே விழுவதும் குறைந்தது. முதுமைக்கு அது சிறிய பேறன்று. நம் நாட்டு வர்மத்தில், அடிபட்டோர்க்குச் செய்யும் மருத்துவம் சித்த மருத்துவக் கல்வியில் ஒரு பாடமாகவே பயிலப்படுகிறது. அதன் பயனையும் அதே அளவுகோலால் அளக்கட்டும். சிலம்பமோ, திறந்த களத்தில் எதிரி உண்மையாகவே தடுக்க, தொட்டால் புள்ளி என்று ஆடப்படுவது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அங்கே மந்திரம் இல்லை; அடி உண்டு, தடை உண்டு, தோல்வியும் உண்டு. பெருமை கொள்வதானால் அதற்குக் கொள்வோம்! ஆனால் நெற்றியளவு உயர்ந்த கம்பை இரவு வண்டியில் ஏந்திச் செல்ல இயலாதே.

அப்படியானால் அந்தச் சந்துக்கு என்ன வழி?

2015-இல் வெளியான ஆய்வொன்று நம் கண்ணைத் திறந்தது. கனடா நாட்டில், மூன்று பல்கலைக்கழகங்களில், முதலாண்டு மாணவியர் 893 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு மணிநேரப் பயிற்சி. மறு பிரிவுக்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஓராண்டில் வன்புணர்ச்சிக்கு ஆளானோர், அறிக்கை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 9.8, பயிற்சி பெற்றோருள் 5.2. பன்னிரண்டு மணிநேரத்தில் கற்பித்தது எந்த உள்ளாற்றல்? தீங்கு வருவதை முன்கூட்டி உணர்தல், தெரிந்தவன்தானே, முகம் கோணலாமா என்ற தயக்கத்தை உதறுதல், உரக்க மறுத்தல், எளிய சில அடிகள். ஆம், தயக்கமே முதற்பகை! அடக்கம், நாணம், பொறுமை என்று பெண்ணுக்குக் கற்பித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பாடத்தை மறக்கச் செய்ததுதான் அங்கே தற்காப்பின் முதற்படி.

இதனை அவளிடம் படித்துக்காட்டினோம். அன்றிரவே அவள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். எதிர்பார்த்தபடியே எழுந்தது பேச்சு: "வேலையை விட்டுவிடு!" நாம் கேட்டோம்: "அக்கா, பையைப் பறித்தவன் தெருவிலே திரிகிறான், பறிகொடுக்காதவள் வீட்டிலே அடைபட வேண்டுமோ?" அக்காள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நாளை முதல் வண்டி வாசலுக்கு வரவேண்டும், போய்க் கேள்" என்றார்.

கேட்டாள், தனியாக அன்று. உடன் பணிபுரியும் பெண்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டனர். இரவில் வேலை வாங்கும் நிறுவனம் வாசல்வரை கொண்டுவிடுதல் அருளன்று, கடமை என்று எழுதினர். முதலில் முகம் சுளித்தனர். மூன்றாம் வாரம் வண்டி சந்துக்குள் வந்தது. தெரு விளக்குக்கும் தெருவார் சேர்ந்து விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றனர். அவசர அழைப்புக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்கள் அவள் கைப்பேசியில் இருக்கின்றன.

உடற்பயிற்சியையும் அவள் விடவில்லை. ஜூடோக் கூடமொன்றில் சேர்ந்திருக்கிறாள். 1882-இல் சப்பானில் கானோ ஜிகோரோ அக்கலையை நிறுவியபோது, எதிரி தன் விருப்பப்படி எதிர்க்க, நாமும் நம் விருப்பப்படி முயலும் பயிற்சியைப் பெரிதும் வலியுறுத்தினார். முதல் நாள் ஏழுமுறை விழுந்தாளாம். அங்குள்ள ஆசிரியை சொன்னாராம்: "ஏன் மெல்லப் பிடிக்கிறாய்? இறுகப் பிடி. நான் உன்னை வீழ்த்த முடியாவிட்டால் பிழை என்னுடையது."

பள்ளிக்கரணைத் திடலுக்கு இப்போது காலைதோறும் போகிறவர் நம் அன்னையார். வயது எழுபத்தாறு. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்தவர், இப்போது சுவரைப் பிடியாமல் நடக்கிறார். "ஐயாயிரம் ஆண்டோ, ஐம்பது ஆண்டோ, என் கால் தள்ளாடவில்லை; அது போதும்" என்கிறார். அது போதும்தான்!

தோழர்களே! பழமை, பெருமை, உள்ளாற்றல் என்று எவரேனும் முழங்கும்போது, அவர் அயலாராயினும் நம்மவராயினும், கை தட்டுமுன் ஒருவர் எழுந்து நில்லுங்கள். "நான் பிடிக்கலாமா, ஐயா?" என்று கேளுங்கள். கேட்டபின், இறுகப் பிடியுங்கள்.