எண்ணெய் வற்றிய எஞ்சின்: தோவாளைச் சாலையோர மெக்கானிக்குகளின் பழுதறியும் முறை

நாகர்கோவிலுக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் இடையில் அமைந்த தோவாளையின் பூச்சந்தைக்கு உள்ளூர்த் தோட்டங்களிலிருந்தும் வெளிமாவட்டங்களிலிருந்தும் விடியுமுன்பே பிச்சியும் மல்லியும் அரளியும் வந்திறங்கி, அங்கிருந்து திருவனந்தபுரம் முதலிய ஊர்களுக்கு வண்டியேறுகின்றன. பூவின் விலை மணிக்கு மணி இறங்குவதால் பூ ஏற்றிய வண்டியை வழியில் நிறுத்த ஓட்டுநர் தயங்குவார்; எஞ்சின் ஆயில் கசிவதைக் கண்ட பின்னும் சந்தை வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணுவது இத்தொழிலின் இயல்பாகிவிடுகிறது. நெடுஞ்சாலையோர ஒர்க்‌ஷாப்பின் மெக்கானிக், இந்த அவசரம் எஞ்சினுக்குள் விட்டுச்சென்ற தடயங்களைப் படிக்க வேண்டியவராகிறார்.

எஞ்சினின் கிராங்க் தண்டு பேரிங்கின்மேல் நேரடியாக உரசிச் சுழல்வதில்லை. இரண்டிற்கும் இடையே தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் அழுத்தத்துடன் நின்று தண்டைத் தாங்குகிறது. ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்த பியூச்சம்ப் டவர் இந்த அழுத்தத்தை 1883இல் கண்டறிந்து வெளியிட்டார்; அது தோன்றும் விதத்தை ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் 1886இல் கணிதத்தால் விளக்கினார். எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் அளவு குறைந்தால், பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கி, படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே அது எரிகிறது. ஆகவே விளக்கு எரிந்த பின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, பாரம் இருந்ததா என்பவையே மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விகளாகின்றன.

அடுத்த கட்டத்தில் சாவியைத் திருப்பாதிருப்பதே பெரிய திறமை. டிப் ஸ்டிக்கை உருவி எஞ்சிய ஆயிலின் அளவைப் பார்த்த பின், கசிவு டிரெய்ன் போல்ட்டிலா, ஃபில்டர் அமரும் இடத்திலா, டேப்பட் கவரின் கேஸ்கெட்டிலா, கிராங்கின் முன்பின் ஆயில் சீல்களிலா என்பது அழுக்கைக் கழுவித் துடைத்துத் தேடப்படுகிறது. பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். எஞ்சின் சுற்ற மறுத்தால் அது ‘ஜாம்’ ஆகிவிட்டது என்று பொருள், அதற்குமேல் செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடிப்பது சேதத்தைக் கூட்டவே செய்யும்.

எஞ்சின் சுற்றினால், வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு, அதாவது கிராங்க், கேம், ரிங் போன்றவற்றின் தேய்மானம். ஒட்டாமல் செம்புநிறமாக மின்னுவது, பேரிங்கின் மென்மையான மேற்பூச்சு வழிந்துபோய் உள்ளடுக்கு அரிபடுவதைக் காட்டும். வெள்ளியாக மின்னுவது பிஸ்டனின் அலுமினியமாகவும் இருக்கலாம்.

துகள் இல்லையெனில் கசிவை அடைத்து, புது ஆயிலும் ஃபில்டரும் இட்டு, ஆயில் விளக்கின் சென்சாரைக் கழற்றிய இடத்தில் பிரஷர் கேஜைப் பொருத்தி எஞ்சினை இயக்குகிறார்கள். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கையில் தேய்ந்த பேரிங்கும் நல்ல அழுத்தம் காட்டிவிடும் என்பதால், எஞ்சின் நன்கு சூடேறிய பின் ஐடிலிங்கில் கிடைக்கும் அளவே நம்பத்தக்கது. மேலிருந்து வரும் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி டேப்பட்டுடையது. எண்ணெய் ஏறியதும் அது அடங்கிவிடக்கூடும். அடியிலிருந்து எழுந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வலுக்கும் கனத்த இடி கனெக்டிங் ராடு பேரிங்குடையது. மெக்கானிக்குகள் அதை ‘பேரிங் அடிக்குது’ என்கிறார்கள். அடுத்து, சிலிண்டரின் கம்ப்ரஷனை அளக்கும்போது அது குறைந்திருந்தால் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும்: அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, உயராவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று எதிராகச் சாட்சி சொன்னால் மட்டுமே சம்ப்பைக் கழற்றி, பேரிங் மூடியைத் திறந்து, கண்ணால் காண்பது முறை. தண்டில் கீறல் விழாமல் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதோடு வேலை முடியும். கீறல் விழுந்திருந்தால் தண்டை லேத் பட்டறைக்கு அனுப்பி கிரைண்ட் செய்து, தடிமன் கூடிய பேரிங் இட வேண்டியிருக்கும். செலவு பலமடங்காகும் எல்லை இதுவே. செலவு குறைந்த சோதனையிலிருந்து படிப்படியாக உள்ளே செல்லும் இந்த வரிசை, தேவையற்ற பிரிப்பிலிருந்து உரிமையாளரின் பணத்தையும், அவசர ஓட்டத்திலிருந்து எஞ்சினையும் ஒருங்கே காக்கிறது.

ஆயினும் எந்தக் கருவியாலும் பெற முடியாத ஒரு தகவல் ஓட்டுநரிடம் இருக்கிறது. பெரும்பாலும் கூலிக்கு ஓட்டும் அவர், பழி தம்மேல் விழுமோ என்ற அச்சத்தில் ஓடிய தூரத்தைக் குறைத்துச் சொன்னால், கையால் சுற்ற வேண்டிய எஞ்சின் செல்ஃபில் சுற்றப்பட்டு, மீட்கக்கூடிய தண்டும் பாழாகலாம். எனவே விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்திய ஓட்டுநரை வாடிய பூவின் நட்டத்துக்குப் பொறுப்பாக்காத உரிமையாளரே, தம் எஞ்சினுக்கு மிகக் குறைந்த செலவில் காப்பீடு செய்தவராகிறார்.